குண்டுவீச்சு விமான நேவிகேட்டர் ஒருவரின் போர்க்கால வாழ்வை ஆவணங்களிலிருந்து எழுதும் முறை

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைத் தலைமையின் கீழ் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் மிகப் பலர் இருபத்தைந்து வயதைக்கூட எட்டாதவர்கள். இவர்களுள் ஒருவரின் வாழ்வை எழுத விரும்புகிறவர்கள் பொதுவாக விமானத்தை ஓட்டியவரையே தேர்ந்தெடுக்கிறார்கள். நான் நேவிகேட்டரை, அதாவது விமானம் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் போக வேண்டும் என்று கணித்துச் சொன்னவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் ஏழு பேர் கொண்ட குழுவில், புறப்பட்ட நிமிடம் முதல் தரையிறங்கிய நிமிடம் வரை எழுதிக்கொண்டே இருந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய தொழிலே பதிவு செய்வது என்பதால், அவருடைய வாழ்வைப் பெயரடைகள் இல்லாமல், நேரங்களாலும் தூரங்களாலும் முடிவுகளாலும் எழுத முடிகிறது. அப்படி எழுதுவதுதான் அவருக்குச் செய்யும் நியாயமும் ஆகும்.

முறையை விளக்க ஓர் உண்மை மனிதர் வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மைலோ என்ற சிற்றூரைச் சேர்ந்த டோர்கர் ஹார்லோ டேரம் 1920-இல் பிறந்தவர். தந்தை நார்வேயிலிருந்து குடியேறிய விவசாயி. 1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளைத் தாக்கிய 617-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில், அதன் தலைவர் கை கிப்சனின் நேவிகேட்டராகப் பறந்தவர் இவர். அதே ஆண்டு செப்டம்பரில் 23-ஆம் வயதில் இறந்தார். புகழ்பெற்ற ஒரு தாக்குதலில் பங்கேற்றவர் என்பதால் இவரைப் பற்றிய தகவல்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் கீழே சொல்லும் வழி, பெயர் வெளியே தெரியாத எந்த நேவிகேட்டருக்கும் பொருந்தும்.

முதலில் அவருடைய வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆவணக் காப்பகத்துக்கு எழுதும் முன் இதைச் செய்துவிட வேண்டும். நேவிகேட்டர் என்ன செய்தார் என்று தெரியாமல் ஆவணங்களைத் திறந்தால், அவற்றில் உள்ள எண்கள் வெறும் எண்களாகவே கிடக்கும்.

லங்காஸ்டரில் அவருடைய இடம் விமானிக்குப் பின்னால், இடப்பக்கச் சுவரை நோக்கிய ஒரு மேசை. மேசை விளக்கின் ஒளி வெளியே கசியாதிருக்கத் திரை போட்டிருப்பார்கள். ஆகவே ஏழெட்டு மணி நேரம் பறந்த இரவுகளில் பலவற்றில் அவர் வெளியே எதையும் பார்த்ததே இல்லை. அவர் முன் இருந்தவை மெர்கேட்டர் வரைபடம், பென்சில், கவராயம், கோணமானி, காற்றின் முக்கோணத்தைத் தீர்க்கும் கைக்கருவி, துல்லியமான கடிகாரம், பதிவுத்தாள் ஆகியவை.

ஒரு கணக்கைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். ஒரு தாளில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு கோடு வரையுங்கள், அதுதான் பாதை. சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து விமானத்தின் வேகம் மணிக்கு 220 மைல். வடக்கிலிருந்து மணிக்கு 40 மைல் வேகத்தில் காற்று வீசுகிறது. விமானி நேர் கிழக்காக மூக்கை வைத்துப் பறந்தால், ஒரு மணி நேரத்தில் பாதையை விட்டு 40 மைல் தெற்கே போயிருப்பார்; மூன்று மணி நேரத்தில் 120 மைல். பாதையில் நிற்க வேண்டுமானால் மூக்கைச் சுமார் 10 டிகிரி வடக்கே திருப்ப வேண்டும். அப்போது தரையின் மேல் நகரும் வேகம் 216 மைலாகக் குறையும். இதுவரை பள்ளிக் கணிதம். சிக்கல் என்னவென்றால், 20,000 அடி உயரத்தில் அந்தக் காற்று எவ்வளவு, எந்தத் திசையில் என்பது நேவிகேட்டருக்குத் தெரியாது. புறப்படும் முன் வானிலை அதிகாரி தந்த மதிப்பீடு மட்டுமே கையில் இருக்கும். எனவே காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால் விமானம் எங்கே இருக்க வேண்டுமோ அந்தப் புள்ளியை ஒரு பக்கம் குறித்துக்கொண்டே வருவார். எப்போதாவது உண்மையான இடம் தெரிய வந்தால் அதை இன்னொரு புள்ளியாகக் குறிப்பார். இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோடுதான் இடைப்பட்ட நேரத்தில் விமானத்தைத் தள்ளிய காற்று. அதைக் கொண்டு அடுத்த திசையைக் கணித்து விமானியிடம் சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் விமானம் பல மைல் கடந்திருக்கும்.

அந்த உண்மையான இடத்தை அறிய அவருக்கு என்னென்ன கருவிகள் இருந்தன என்பது ஆண்டைப் பொறுத்தது. இங்கே பலர் சறுக்குகிறார்கள். 1941 ஆகஸ்டில் வெளிவந்த பட் அறிக்கை, இலக்கைத் தாக்கியதாகக் கூறிய குழுக்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கின் ஐந்து மைல் சுற்றளவுக்குள் போயிருந்தது என்று புகைப்படங்களைக் கொண்டு காட்டியது. அந்தக் காலத்தில் நட்சத்திரங்களை அளக்கும் செக்ஸ்டண்டும், தரையில் தெரிந்த ஆறும் கடற்கரையும், கணிப்பும்தான் துணை. 1942 மார்ச்சில் ‘ஜீ’ என்ற வானொலிக் கருவி பெருமளவில் பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து ஜெர்மானியர்கள் அதன் அலைகளைக் குலைக்கத் தொடங்கினார்கள். தரையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ‘எச்2எஸ்’ ரேடார் 1943 ஜனவரி இறுதியில்தான் முதன்முதலாகப் போருக்குச் சென்றது. டேரம் 50-ஆம் ஸ்குவாட்ரனில் பறந்தது 1942-இல். ஹேம்ப்டன் விமானங்களை வைத்திருந்த அந்த ஸ்குவாட்ரன், அந்த ஆண்டில் மான்செஸ்டர் விமானங்களுக்கும் பிறகு லங்காஸ்டர்களுக்கும் மாறியது. ஆகவே அவருடைய முதல் சுற்றுப் பறப்புகளை எழுதும்போது அவர் முன்னால் ரேடார் திரையை வைத்து எழுதினால் அது பிழை.

கணக்கு தவறினால் என்ன நேரும் என்பதற்கு 1944 மார்ச் 24/25 இரவு பெர்லின் மீது நடந்த தாக்குதலைப் படியுங்கள். 811 விமானங்கள் சென்றன. வடக்கிலிருந்து வீசிய காற்று மணிக்கு நூறு மைலுக்கும் மேல். முன்கூட்டித் தேர்ந்தெடுக்கப்பட்ட சில அனுபவமுள்ள நேவிகேட்டர்கள் தாங்கள் கண்டறிந்த காற்றை வானொலியில் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அத்தகைய வேகத்தை நம்ப முடியாமல் சிலர் தங்கள் கணக்கைத் தாங்களே குறைத்து அனுப்பினார்கள். தலைமையகத்திலும் அதை நம்பாமல் மேலும் குறைத்தார்கள். அந்தக் குறைந்த எண்ணே எல்லா விமானங்களுக்கும் திரும்ப ஒலிபரப்பானது. விமானங்கள் தெற்கே சிதறின. திரும்பும் வழியில் பல விமானங்கள் ஜெர்மனியின் தொழிற்பகுதியான ரூரின் பீரங்கிகளுக்கு மேலே போய்ச் சேர்ந்தன. 72 விமானங்கள் திரும்பவில்லை. நேவிகேட்டரின் துணிவு என்று நான் கருதுவது இதைத்தான்: தன் பென்சில் காட்டும் விடையை, அது நம்ப முடியாததாக இருந்தாலும், நம்பித் திசையைச் சொல்வது.

ஆளை அடையாளப்படுத்துதல்

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் தொடங்குங்கள். பெயர், சேவை எண், பதவி, இறந்த தேதி, ஸ்குவாட்ரன், கல்லறை எண் ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கும். கல்லறையே இல்லாதவர்களில் 20,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லறைக் கல்லில் என்னென்ன இருக்கும் என்பதை நேரில் பார்க்க ஐரோப்பா போக வேண்டியதில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் இதே ஆணையம் பராமரிக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்திலும் அதே வகைக் கற்கள்தான். கல்லின் அடியில் உள்ள வாசகம் குடும்பத்தார் தேர்ந்தெடுத்தது. நியூசிலாந்து அரசு அத்தகைய வாசகங்களை அனுமதிக்கவில்லை. எனவே அந்நாட்டவரின் கல் வெறுமையாக இருப்பதைக் கண்டு குடும்பம் அக்கறையற்றது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

பெயரில் கவனம் வேண்டும். டேரம் கோப்பில் டோர்கர் ஹார்லோ, வீட்டில் ஹார்லோ, ஸ்குவாட்ரனில் டெர்ரி. சேவை எண்ணும் மாறக்கூடியது: சார்ஜெண்டாக இருந்தவர் அதிகாரியாக உயர்த்தப்பட்டால் புதிய எண் பெறுவார். கனடா விமானப்படையில் முன்னதற்கு ‘ஆர்’, பின்னதற்கு ‘ஜே’ என்ற எழுத்து முன்னால் நிற்கும். இரண்டு எண்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளாவிட்டால் ஒரே மனிதரை இருவராக எண்ணிவிடுவீர்கள். தொழிற்பெயரும் அப்படியே. 1942 வரை வழி கணிப்பதையும் குண்டு போடுவதையும் ‘அப்சர்வர்’ என்ற ஒருவரே செய்தார். பிறகு அந்த வேலை நேவிகேட்டர், குண்டைக் குறிபார்த்துப் போடும் பாம் எய்மர் என்று இருவருக்குப் பிரிந்தது. பழையவர்களின் மார்பில் ‘ஓ’ எழுத்துச் சின்னமும், புதியவர்களின் மார்பில் ‘என்’ எழுத்துச் சின்னமும் இருக்கும். தேதி தெரியாத புகைப்படம் ஒன்று கிடைத்தால், முதலில் அந்தச் சின்னத்தையும் தோளில் உள்ள பதவிப் பட்டையையும் பாருங்கள்.

அடுத்து சேவைக் கோப்பு. கனடாவைச் சேர்ந்தவராக இருந்து போரில் இறந்திருந்தால் உங்களுக்கு வழி எளிது: ஒட்டாவாவில் உள்ள கனடா நூலக ஆவணக் காப்பகம் இறந்தவர்களின் கோப்புகளைப் பொதுமக்களுக்குத் திறந்து, எண்ணியல் வடிவிலும் தந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசியக் காப்பகமும் இதில் தாராளமானது. பிரிட்டிஷ் கோப்புகள் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்துக்கு இப்போதுதான் படிப்படியாக மாற்றப்பட்டு வருகின்றன, பொறுமை தேவை.

கோப்பைக் கடைசித் தாளிலிருந்து படிக்கும் ஆசை எழும். அதை அடக்கி, சேர்ந்த நாளின் விண்ணப்பத்திலிருந்து தொடங்குங்கள். படித்த பள்ளி, பெற்ற மதிப்பெண், செய்த வேலை, விளையாட்டு, தந்தையின் தொழில், சேரும் முன் பேசிப் பார்த்த அதிகாரியின் இரண்டு வரி மதிப்பீடு ஆகியவை அங்கே இருக்கும். ஒரு இளைஞன் ஏன் நேவிகேட்டர் ஆக்கப்பட்டான் என்பதற்கான விடை பெரும்பாலும் கணித மதிப்பெண்ணிலும் அந்த இரண்டு வரியிலும்தான். டேரம் சிறுவனாக இருந்தபோதே தந்தை நீரில் மூழ்கி இறந்தார். தாய் ஹில்டா பிள்ளைகளை வளர்த்தார். இது போர்க்கதைக்கு வெளியே உள்ள செய்தி என்று தோன்றலாம். ஆனால் பின்னால் வரும் தந்திகள் யார் கைக்குப் போயின என்பது இதனால்தான் புரியும்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். 1939 டிசம்பர் 17 அன்று கையெழுத்தான காமன்வெல்த் விமானப் பயிற்சித் திட்டம் கனடாவில் மட்டும் 1,31,000-க்கும் மேற்பட்டவர்களைத் தயாரித்தது. அப்சர்வர் பள்ளி, குண்டுவீச்சு-துப்பாக்கிப் பள்ளி, விண்மீன் வழிகாணல் பயிற்சி, கடல் கடந்த பயணம், பிரிட்டனில் மேற்பயிற்சி என்று வரிசை செல்லும். இதில் விரிவாக எழுதத் தகுந்த இடம் ஒன்று உண்டு. பிரிட்டனில் செயல்முறைப் பயிற்சிப் பிரிவில் விமானிகள், நேவிகேட்டர்கள், துப்பாக்கி வீரர்கள் அனைவரையும் ஒரு பெரிய கொட்டகையில் விட்டு, நீங்களே உங்கள் குழுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். யாரோடு சாகப் போகிறோம் என்பதை ஒருவர் தானே தேர்ந்தெடுத்த நாள் அது. தேதி கிடைத்தால் விடாதீர்கள்.

பறந்த இரவுகளை அடுக்குதல்

கியூவில் ‘ஏர் 27’ என்ற வரிசையில் ஒவ்வொரு ஸ்குவாட்ரனின் செயற்பாட்டுப் பதிவேடும் இருக்கிறது. அதில் படிவம் 540 என்பது நாள்தோறும் நடந்தவற்றின் சுருக்கம். படிவம் 541 என்பது ஒவ்வொரு விமானமும், அதில் சென்றவர்களின் பெயர்களும், புறப்பட்ட-இறங்கிய நேரங்களும், குழுவினர் திரும்பி வந்து சொன்னவையும். உங்களுக்கு முதன்மையாக வேண்டியது 541. நேவிகேட்டரின் சொந்தப் பறப்புப் பதிவேடு குடும்பத்திடம் இருந்தால் அதையும் அருகில் வைத்து ஒப்பிடுங்கள். இரவுப் பறப்புகள் அதில் சிவப்பு மையில் இருப்பது வழக்கம். இரண்டும் முரண்பட்டால் எது சரி என்று உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். 541-ஐத் தட்டச்சு செய்த எழுத்தர் பெயர்களைத் தவறாக எழுதுவதுண்டு; பதிவேட்டை மாத இறுதியில் மொத்தமாக நிரப்பும் பழக்கம் சிலருக்கு இருந்ததால் அதிலும் தேதி பிசகும்.

ஸ்குவாட்ரனின் பெயரைப் பார்த்து ஏமாறாமலும் இருக்க வேண்டும். முன்னே சென்று இலக்கைக் குறித்துக் காட்டிய வழிகாட்டிப் படையில் 1942 ஆகஸ்டிலிருந்து இயங்கிய 35-ஆம் ஸ்குவாட்ரன் ‘மதராஸ் மாகாணம்’ என்ற பெயரையும், ஹாலிபாக்ஸ் விமானங்களைக் கொண்டிருந்த 102-ஆம் ஸ்குவாட்ரன் ‘சிலோன்’ என்ற பெயரையும் தாங்கியிருந்தன. அவை அந்த நாட்டவர்களின் ஸ்குவாட்ரன்கள் அல்ல. அங்கிருந்து வந்த போர் நிதிக்காகச் சூட்டப்பட்ட பெயர்கள். மதராஸின் பெயரை ஆவணத்தில் கண்டதும் நம்மவர் யாரேனும் அதில் பறந்தார்களா என்று தேட மனம் விரும்பும். தேடுங்கள், ஆனால் பெயரை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

நேரம் எழுதுவதில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த நேரம் என்று குறிக்காமல் ஓர் எண்ணைக்கூட எழுதக் கூடாது. நேவிகேட்டரின் பதிவுத்தாள் கிரீனிச் நேரத்தில் இருக்கும். பிரிட்டன் போர்க்காலக் கோடைகளில் கிரீனிச்சுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் சென்றது. அணைத் தாக்குதலுக்காகக் கிப்சனின் விமானம் ஸ்கேம்டன் விமானத் தளத்திலிருந்து இரவு 9.39-க்குப் புறப்பட்டது என்றால், கிரீனிச் கணக்கில் அது 7.39. 1943 மே மாதத்தில் ஜெர்மனியின் கடிகாரமும் பிரிட்டனின் கடிகாரமும் ஒன்றாகவே ஓடின. ஆனால் டேரம் இறந்த செப்டம்பரில், பிரிட்டன் ஒரு மணி நேரம் பின்னுக்கு வந்துவிட்டது, ஜெர்மனி வரவில்லை. ஆகவே ஜெர்மன் தரப்பில் பதிவான ஒரு விபத்து நேரம் பிரிட்டிஷ் பதிவிலிருந்து ஒரு மணி நேரம் விலகி இருந்தால், அது வேறு விமானம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இரவுகளை 16/17 என்று இரட்டைத் தேதியாகவே எழுதுங்கள்.

இப்படி அடுக்கி முடித்ததும், ஒவ்வொரு இரவும் மொத்தம் எத்தனை விமானங்கள் சென்றன, எத்தனை திரும்பவில்லை என்பதை அருகில் சேருங்கள். முதல் சுற்று என்பது 30 பறப்புகள். ஒரு பறப்பில் நூற்றுக்கு நான்கு விமானங்கள் விழுகின்றன என்று கொண்டால், 30 பறப்புகளையும் முடித்து நிற்பவர்கள் நூற்றுக்கு 29 பேர்தான். இந்தக் கணக்கை அந்த இளைஞர்களும் போட்டுப் பார்த்தார்கள். நேவிகேட்டர்களுக்கு அது கடினமான கணக்கும் அல்ல.

ஓர் இரவை விரிவாக எழுதும்போது

எல்லாப் பறப்புகளையும் ஒரே அளவில் எழுத வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்து, அதில் நேவிகேட்டர் செய்ததை மட்டும் எழுதுங்கள். அணைத் தாக்குதல் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் டேரமின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு இரவு. 19 லங்காஸ்டர்கள் நிலவொளியில் மரங்களின் உயரத்தை ஒட்டிப் பறந்தன. அந்த உயரத்தில் தரை பார்வையில் சில நொடிகளே நிற்கும், தவறினால் மின்கம்பிகள். மோனே அணையை நெருங்கியதும் அவருடைய வேலை மாறியது. விமானத்தின் அடியில் பொருத்திய இரண்டு விளக்குகளின் ஒளிவட்டங்கள் நீரின் மேல் ஒன்றையொன்று தொடும்போது உயரம் சரியாக 60 அடி. கண்ணாடிக் குமிழி வழியே எட்டிப் பார்த்து, இறங்கு, ஏறு, போதும் என்று விமானிக்குச் சொன்னவர் நேவிகேட்டர். இருளில் ஏரியின் மேல் எரியும் விளக்குகளோடு, பீரங்கிகளை நோக்கி நேராகப் பறந்த விமானத்தில் அவர் அந்தச் சொற்களைச் சொன்னார்.

அன்றிரவு 8 விமானங்கள் விழுந்தன. சென்ற 133 பேரில் 53 பேர் இறந்தனர், 3 பேர் சிறைப்பட்டனர். அணை உடைந்த நீர் சுமார் 1,300 பேரைக் கொன்றது. அவர்களில் பலநூறு பேர் ஜெர்மனி கட்டாய வேலைக்கு இழுத்து வந்த வெளிநாட்டவர்கள். நேஹைம் அருகே முகாமில் அடைக்கப்பட்டிருந்த சோவியத் பெண்களும் அதில் அடக்கம். இந்த எண்ணை உங்கள் கட்டுரையின் அடிக்குறிப்பில் தள்ளாதீர்கள். நேவிகேட்டர் விமானத்தைச் சரியாக அந்த இடத்துக்குக் கொண்டு சேர்த்தார் என்று எழுதுகிறவர், சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்பதையும் அதே பத்தியில் எழுத வேண்டும். அதனால் அவருடைய திறமையும் குறையாது, இறந்தவர்களும் மறக்கப்படமாட்டார்கள். டேரமுக்கு டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ் பதக்கம் கிடைத்தது.

இறுதிப் பறப்பும் அதன் பிறகும்

கடைசிப் பறப்பை எழுதும்போது யாரும் பார்த்திராத காட்சியை எழுதாதீர்கள். விமானத்துக்குள் என்ன பேசினார்கள், அவர் என்ன நினைத்தார் என்பது தப்பியவர் யாரேனும் சொல்லியிருந்தாலொழிய யாருக்கும் தெரியாது. 1943 செப்டம்பர் 15/16 இரவு 617-ஆம் ஸ்குவாட்ரனின் எட்டு லங்காஸ்டர்கள் 12,000 பவுண்டு குண்டுகளுடன் டார்ட்மண்ட்-எம்ஸ் கால்வாயைத் தாழப் பறந்து தாக்கச் சென்றன, ஐந்து திரும்பவில்லை. புதிய தலைவர் ஜார்ஜ் ஹோல்டனின் விமானம் நார்ட்ஹார்ன் அருகே பீரங்கியால் சுடப்பட்டு விழுந்தது. அதிலிருந்த எட்டுப் பேரும் இறந்தனர். அவர்களில் நால்வர், டேரம் உட்பட, மே மாதம் கிப்சனுடன் பறந்தவர்கள். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு என்றால் இவ்வளவே எழுதுங்கள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு ஆவணம் ஏராளம். போர் முடிந்ததும் காணாமல் போன 40,000-க்கும் மேற்பட்ட விமானப்படையினரைத் தேட பிரிட்டிஷ் விமானப்படை தனிப் பிரிவு ஒன்றை அமைத்தது. அந்த அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று, பாதிரியார்களையும் கிராமத் தலைவர்களையும் விசாரித்து, அடையாளம் தெரியாத குழிகளைத் தோண்டி, சட்டையில் தைத்த சலவைக் குறி, மோதிரம், காலணி எண் ஆகியவற்றைக் கொண்டு பெயர் கண்டார்கள். தனித்தனியே கிடந்த உடல்கள் பெரிய கல்லறைத் தோட்டங்களுக்கு மாற்றப்பட்டன. டேரம் இப்போது ஜெர்மனியின் ரைக்ஸ்வால்ட் வனக் கல்லறையில் இருக்கிறார். உங்கள் நேவிகேட்டரின் கோப்பில் இந்த விசாரணை அறிக்கை இருந்தால், முதலில் அடக்கம் செய்த ஊரையும் பிறகு மாற்றிய தேதியையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

தாய்க்குச் சென்ற கடிதங்களைப் பதிப்பிக்கும் முன், உயிரோடிருக்கும் உறவினரிடம் அனுமதி கேளுங்கள்; சட்டம் கேட்காவிட்டாலும் கேளுங்கள். 1943 செப்டம்பரில் வட அமெரிக்கப் பயணத்தில் இருந்த கிப்சன், கால்கரியில் ஹில்டா டேரமைச் சந்தித்து மகனைப் பற்றிப் பேசினார். சில நாட்களுக்குள் அந்த மகன் இறந்தார். துப்பாக்கி வீரராகப் பயிற்சி பெற்ற இளைய மகன் லார்னும் 1945-இல் கொல்லப்பட்டார். ஒருவரின் கோப்பை முடித்துவிட்டோம் என்று மூடி வைக்கும் முன், அதே குடும்பப் பெயரை ஆணையத்தின் பட்டியலில் மறுபடியும் ஒருமுறை தேடிப் பார்ப்பது இதற்காகத்தான். உங்கள் அட்டவணை, படங்கள், பதிவேட்டின் நகல் ஆகியவற்றின் ஒரு பிரதியை லிங்கனில் உள்ள பன்னாட்டுக் குண்டுவீச்சுப் படை மையத்தின் எண்ணியல் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டு அனுப்புங்கள். அதே குழுவின் மற்ற ஆறு பேரைத் தேடிக்கொண்டிருக்கும் யாரேனும் ஒருவருக்கு, உங்களிடம் உள்ள ஒரு தேதிதான் வேண்டியிருக்கக்கூடும்.